ஒன்பதாம் எண் பீப்பாய்க்கு விழுந்த ஓடு

அர்மான் க்ரெத்னே குடும்பத்தோடு ரோஷ்கிளேரை விட்டுப் போனது 1996 ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஊரில் எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

லாரியில் கட்டில், பீரோ, பிள்ளைகளின் சைக்கிள்கள் ஏற்றியிருந்தன. இவற்றுக்கு நடுவே, லேபிள் ஒட்டாத பாட்டில்கள் அடுக்கிய மரப்பெட்டிகள். மேல்தெருவிலிருந்து லாரி இறங்கவும், கீழிருந்து தபால்காரி ஜினெத்தின் மஞ்சள் கார் ஏறவும் சரியாக இருந்தது. அந்தச் சந்தில் இரண்டு வண்டிக்கு இடம் கிடையாது. யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். ஜினெத்தான் போனாள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, தேவாலயத்துக் குழாயடி வரைக்கும் பின்னாலேயே போனாள்.

லாரி அவளைத் தாண்டும்போது நின்றது. அர்மான் கண்ணாடியை இறக்கினான்.

"எனக்கு ஏதாச்சும் தபால் இருக்கா?"

"கரண்ட் பில்லு."

"ரெனே கிட்ட குடு. குத்தகை அவருக்குத்தான், இனிமே அந்த வீட்டு விளக்கு அவர் தலைல."

அவ்வளவுதான் பேச்சு. ஆறு வயதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மைப்புட்டியைக் கவிழ்த்து, ஒன்றாக அடி வாங்கிய இரண்டு பேர். அர்மானுக்குப் பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஜோசியான் மட்டும் ஜினெத்தை ஒருதரம் பார்த்தாள். எதையோ கேட்கிற பார்வை. ஜினெத் கை அசைக்கவில்லை. லாரி போனதும் கியரைப் போட்டு மேல்தெருவுக்கு ஏறினாள். அன்றைக்கு இன்னும் இருபது வீட்டுத் தபால் பாக்கி இருந்தது.

இத்தனைக்கும் காரணம் பிப்ரவரியில் ஒரு பீங்கான் தட்டில் ஜினெத் போட்ட வால்நட் ஓடு.

ஜினெத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவளுடைய அப்பா ரோடு போடும் கூலிக்காரர். அந்தக் குடும்பத்துக்கு ஒரு திராட்சைக் கொடி, ஒரு கைப்பிடி மண் சொந்தமாக இருந்ததில்லை. இருபத்து மூன்றாவது வயதில் தபால் பை தோளில் ஏறியது. மேல்தெரு முப்பத்தோரு வீடு, அதில் பத்தொன்பது வீட்டில் ஒயின் பீப்பாய் வைக்கும் நிலவறை. ஜூரா மலைச்சரிவில் நிலவறை இருக்கிற வீட்டுக்காரர்கள் தபால்காரியை வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். கையெழுத்துப் போடுகிற சாக்கில் ஒரு சின்னக் கிளாஸ் வந்துவிடும்.

பத்தொன்பது கிளாஸைக் குடித்துவிட்டுக் கார் ஓட்ட முடியாது. அதனால் ஜினெத் துப்பினாள். முதல் நாள் அவள் துப்பியது க்ரெத்னே வீட்டு வாசல் சுவரில் படர்ந்திருந்த கொடியில். அர்மானின் அப்பா எர்னெஸ்த் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ துப்பறதுக்கா நாங்க ஆறு வருஷம் காத்துக் கெடந்தோம்?"

"முழுங்கினா எல்லா வீட்டுதும் ஒண்ணாப் போயிருதுங்க. துப்பினாத்தான் எது உங்களுது, எது பக்கத்து வீட்டுதுன்னு வாய்க்குத் தெரியுது."

கிழவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அடுத்த வாரமே, பக்கத்து வீட்டுக்காரருடைய கிளாஸைத் தன்னுடையது என்று சொல்லி நீட்டினார். ஜினெத் துப்பிவிட்டு, "இதை அவர் கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க, தேடுவாரு" என்றாள்.

ரோஷ்கிளேரின் மஞ்சள் ஒயின் பொறுமைசாலிகளின் சரக்கு. பீப்பாயில் ஊற்றி மூடினால் ஆறு வருஷம் மூன்று மாசம். நடுவில் அது வற்றும். வற்றினால் வற்றட்டும் என்று விட வேண்டும், ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. காய்ச்சிய பாலில் படிவதுபோல அதன் மேல் ஓர் ஆடை படியும். அந்த ஆடைக்குக் கீழே கிடந்துதான் வால்நட்டும் வறுத்த வெந்தயமும் கலந்த அந்த வாசனை அதற்கு வரும். நல்ல மஞ்சள் ஒயின் வாயை விட்டு லேசில் போகாது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மற்றவர்கள் கடிகாரம் பார்த்தார்கள். ஜினெத் நடந்து பார்த்தாள். மேல்தெருவில் ஒரு வீட்டு வாசலில் துப்பிவிட்டுக் கீழே நடக்க ஆரம்பித்தால், ருசி எந்த இடத்தில் அவளை விட்டு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. சில வீட்டுது நாலாவது படியோடு சரி. ரெனே பொவே வீட்டுது பேக்கரி முனை வரைக்கும் வரும். க்ரெத்னே வீட்டுது மட்டும் குழாயடிவரை கூடவே நடந்து வந்து, அவள் காரில் ஏறின பிறகும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கும்.

"என்னுது இந்த வருஷம் எதுவரைக்கும் வந்துது ஜினெத்?" என்று ஊரில் வெளிப்படையாகவே கேட்பார்கள்.

"பேக்கரியைத் தாண்டல. ரொட்டி வாங்க நின்னுருச்சு போல."

கேட்டவர் முகம் சுருங்கும். ஆனாலும் அடுத்த வருஷமும் கேட்பார்.

ஒருமுறை லியோனிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அவளை மடக்கிப் பார்க்க மூன்று பாட்டில் கொண்டுவந்தார். லேபிள் தெரியாமல் மூன்றுக்கும் கம்பளிக் காலுறை போட்டிருந்தது. பேக்கரியில் ஊரே கூடியிருந்தது. ஜினெத் முதல் கிளாஸை முகர்ந்தாள், வாயில் வைத்து மென்றாள், வாளியில் துப்பினாள்.

"இது அல்சாஸ் பக்கத்து ஒயின். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, சட்டை பட்டன் ஒண்ணு விடாம போட்டிருக்கு."

இரண்டாவது. "இது ஸ்பெயின்காரன். நம்ம சொந்தக்காரன்தான், இவனும் ஆடைக்குக் கீழ வளர்ந்தவன். ஆனா கடைசில சாராயம் ஊத்திக் கெடுத்துட்டாங்க."

மூன்றாவதில் கொஞ்சம் யோசித்தாள். வியாபாரி ரெனேவைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"மறுபடி அந்த வாத்தியார்தான். அடுப்புப் பக்கத்துல வச்சு வேர்க்க விட்டிருக்கீங்க."

வியாபாரி காலுறையைக் கழற்றினார். பிறகு தொப்பியையும் கழற்றினார்.

இந்த ஊரில் அறுவடை வருஷம் சரியில்லை என்றால் ஊர்ப்பெயரை ஒருத்தரும் பாட்டிலில் போடுவதில்லை. நல்ல வருஷத்திலும் ஒவ்வொரு பீப்பாயும் தனியாகத் தேற வேண்டும். பிப்ரவரியில் பள்ளிக்கூட அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள். நாலு பேர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். ஐந்தாவது ஆள் நிலமே இல்லாதவராக இருக்க வேண்டும், அப்போதுதான் யார் பக்கமும் சாய மாட்டார் என்று பழைய ஏற்பாடு. 1984 முதல் அந்த நாற்காலி ஜினெத்துடையது. அப்பாவின் மண்வெட்டி தவிர வேறு சொத்து இல்லாத வீட்டுக்கு அது எப்பேர்ப்பட்ட நாற்காலி என்று அவளுக்குத் தெரியும். குழு கூடுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பூண்டு, காபி, வாசனை சோப்பு எதுவும் அவள் கிட்டே வராது.

பாட்டில்களில் எண் மட்டும் இருக்கும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு. ஊர்ப்பெயருக்குத் தகும் என்றால் முழு வால்நட், தகாது என்றால் வெறும் ஓடு. வைத்துக் கையால் மூடிக்கொள்வார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கையை எடுப்பார்கள். ஐந்தும் முழுசாக இருந்தால்தான் பீப்பாய் தேறும். ஓடு போட்டவர் எழுந்து காரணம் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் 1989 அறுவடை. நல்ல வருஷம். எட்டு எண் வரை முழு வால்நட்டாகவே விழுந்தது. ஒன்பதாவதை ஜினெத் வாயில் வைத்தாள், துப்பினாள், வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் மேல்தெருவில் நடக்க ஆரம்பித்தாள்.

நாலாவது படி தாண்டியது. இது அர்மானுடையது, சந்தேகமே இல்லை, குழாயடிக்குத்தான் போகிறது என்று நினைத்தாள். பேக்கரி முனையில் அது நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து வேறு ஒன்று நடக்கத் தொடங்கியது. கொழுப்பாக, வெண்ணெய் தடவினதுபோல, ஈரச் சுண்ணாம்புக்கல் வாடையோடு. அந்த நடையையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அர்மான் கல்யாணத்தில், கோழியும் காளானும் பரிமாறினபோது பெண்வீட்டார் ஊற்றின வெள்ளை ஒயின். ஜோசியானின் அப்பா மாக்கோன் பக்கத்துத் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது. ஜினெத் அன்று மூன்று கிளாஸ் குடித்தாள், கல்யாணம் என்பதால் துப்பவில்லை.

தட்டை மூடிய கைக்குக் கீழே என்ன வைப்பது என்று தீர்மானிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. முழுசை வைத்தால் சிநேகிதன் தப்பிப்பான். அவளுடைய வாய் மட்டும் இனிமேல் அவளுக்கே சொந்தமாக இருக்காது.

கைகளை எடுத்தார்கள். நாலு முழுசு, ஒரு ஓடு.

குழுத்தலைவர் ரெனே பொவே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என்னம்மா ஜினெத். எழுந்திரு."

"இந்தப் பீப்பாய்க்குள்ள ரெண்டு ஒயின் இருக்குங்க. ஒண்ணு நம்ம ஊரு. இன்னொண்ணு இல்ல. நடுவுல யாரோ தெறந்து ஊத்தியிருக்காங்க."

அறையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. பீப்பாயை நிரப்புவது என்பது இந்த ஊரில் ஒருத்தர் முகத்தில் துப்புவதைவிடப் பெரிய வசவு.

"எந்த ஊருதுன்னு சொல்ல முடியுமா?"

"அது என் வேலை இல்லண்ணே. நம்முது இல்லங்கறதோட என் வேலை முடிஞ்சுது."

அந்த எண் யாருடையது என்று பிரித்துப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அர்மானே ஜினெத் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை.

"நான் ஊத்தினேங்கறியா?"

"யாரு ஊத்தினாங்கன்னு நான் சொல்லவே இல்ல. ஊத்தியிருக்குன்னு சொன்னேன்."

"என் நெலவறை சாவி என் இடுப்புலதான் தொங்குது. அப்போ நான்தான? ஜலதோஷம்னு ஒரு வார்த்தை சொல்லிரு ஜினெத். யாரும் உன்னைத் தப்பா நெனைக்க மாட்டாங்க. இன்னொரு தரம் பாக்கறதுக்கு நான் எழுதிக் குடுக்கறேன், அந்த உரிமை எனக்கு இருக்கு."

"எழுதிக் குடு. வந்து உக்காருறேன். ஆனா எனக்கு ஜலதோஷம் இல்ல அர்மான்."

ஊர் தன் கட்சியை உடனே எடுத்தது. நிலம் இல்லாதவளுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். தபால் பிரிக்கிற கைக்கு ஒயின் பிரிக்கத் தெரியுமா என்றார்கள். மறுநாளிலிருந்து பல வீடுகளில் கிளாஸ் வரவில்லை, கேட் இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டது. ஜினெத் ஒவ்வொரு கைக்கும் "வணக்கமுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். குரலைக் குறைக்கவில்லை.

க்ரெத்னே வீட்டில் பதிவுத் தபால் ஒன்று இருந்தது. ஜோசியான் வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜினெத் கேட்டாள்:

"உங்கப்பா வீட்ல பீப்பாயெல்லாம் எப்படி வச்சிருப்பாங்க ஜோசியான்?"

"எப்படின்னா? வாய் வரைக்கும் நெறஞ்சிருக்கணும்க்கா. சனிக்கிழமை ஆனா வத்துனதை ஊத்தி நெரப்பணும். ஒரு பீப்பாய் கொறையா இருந்தாலும் அப்பா கையில கெடச்சதை எடுத்து அடிப்பாரு. எங்க ஊர்ல அதுக்குப் பேருதான் சுத்தம்."

பேனா கைமாறாமல் நின்றது. ஜினெத் அவள் முகத்தைப் பார்க்காமல் பையின் வாரைச் சரிசெய்தாள்.

"அர்மான் ஏணியிலேர்ந்து விழுந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தப்போ," என்றாள் ஜோசியான் மெதுவாக. "சாவி என் கிட்ட இருந்துது. வாசல் பக்கத்துப் பீப்பாயைத் தட்டிப் பாத்தேன், பாதி வரைக்கும் டொக்குன்னு கேட்டுது. வீட்டுக்காரர் படுத்துட்டாரு, பொண்டாட்டி பீப்பாயைக் காயப்போட்டுட்டான்னு யாரும் சொல்லிரக் கூடாதேன்னு... பிரம்புக்கூடை போட்ட ரெண்டு பெரிய புட்டி நெறைய அப்பா கொண்டாந்த வெள்ளை ஒயின் வீட்ல இருந்துது. இருபது லிட்டர். அதுக்கு மேல இருந்திருந்தா மிச்சப் பீப்பாயிலயும் ஊத்தியிருப்பேன்."

"எப்போ தெரிஞ்சுது, இங்க ஊத்தக் கூடாதுன்னு?"

"அதுக்கடுத்த வருஷம். அவரு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டிருந்தாரு. நான் உருளைக்கிழங்கு உரிச்சுட்டிருந்தேன். அன்னிக்கு அவ்வளவு உரிச்சேன், ரெண்டு நாளைக்குச் சாப்பிட்டோம்." அவள் ஜினெத்தின் கையைப் பிடித்தாள். "நீங்க சொல்லிராதீங்கக்கா."

"நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவ நீ. அவனுக்குக் கள்ளன்னு பேரு வந்துட்டிருக்கு, பாத்துக்க."

ஜோசியான் தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை இரண்டாம் முறை ருசி பார்த்தார்கள். பதினாலு பாட்டில், எல்லாம் புது எண். கதவருகே அர்மான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜினெத் ஒன்று ஒன்றாக எடுத்தாள். மூன்றாவதில் நாலாவது படி, பேக்கரி முனை, அங்கே நின்றது, மற்றது நடக்க ஆரம்பித்தது. வெறும் ஓடு வைத்தாள். மீதிப் பதினொன்றுக்கும் முழுசு வைத்தாள். எண்களைப் பிரித்தபோது மூன்றாம் எண் க்ரெத்னேயின் வாசல் பக்கத்துப் பீப்பாய். பதினாலில் அவள் பொறுக்கி எடுத்தது அது ஒன்றைத்தான்.

ரெனே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அர்மான் ஜினெத்தின் மேஜைக்கு வந்தான்.

"ஒரு நாக்கு தப்பாச் சொன்னா, அந்தத் தப்பையே தெனமும் ஒழுங்காச் சொல்லும். இதுல என்ன பெருமை?"

ஜினெத்திடம் பதில் இருந்தது. கல்யாண விருந்து, கோழி, காளான், அவனுடைய மாமனார் பெயர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியும். வாயை மூடிக்கொண்டாள். வெளியே படியில் இறங்கும்போது ரெனே கூட வந்தார்.

"எனக்கும் அன்னிக்கு ஏதோ இடிச்சுதும்மா. க்ரெத்னே வீட்டு வாசனை வந்ததும் கை தானா முழுசை எடுத்துருச்சு."

"தெரியும்ண்ணே. உங்க கை தயங்கினதைப் பாத்தேன்."

"நீ மட்டும் எப்படி ஓடு வச்சே?"

"எனக்கு இருக்கறது இந்த ஒரு தோட்டம்தாங்க," என்று ஜினெத் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "அதுல களை விட முடியாது."

ஏப்ரலில் கொடிகளை ரெனேவுக்குக் குத்தகைக்கு விட்டு அர்மான் மாமனார் ஊருக்குப் போனான். மே மாசம் ஒவ்வொரு கேட்டாகத் திறந்தது. முதலில் கிளாஸை நீட்டியது, அவளைத் தபால் பிரிக்கிற கை என்று சொன்ன அதே வீடு. காரணம் லேசானது. ஜினெத் சிநேகிதனுடைய பீப்பாயையே தள்ளினாள் என்ற செய்தி வியாபாரிகளிடம் பரவியிருந்தது. ரோஷ்கிளேர் என்று பாட்டிலில் எழுதியிருந்தால் அதை அந்தத் தபால்காரி தாண்டவிட்டிருக்கிறாள் என்று அர்த்தம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேச்சு. பக்கத்து ஊர்களில் மோசமான ஒயினை யாராவது ஊற்றினால், "இதுக்கு ஜினெத் ஓடு போடுவா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாரிஸ் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது. "அங்க நடந்து பாக்க மேல்தெரு இல்லையே" என்று எழுதிப் போட்டாள்.

ஜினெத் அந்தப் பெருமையை ஒளித்து வைக்கவில்லை. பொங்கி வழியவும் விடவில்லை. வருஷா வருஷம் பிப்ரவரியில் அப்பாவின் பழைய கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு குறை. க்ரெத்னே கேட்டிலிருந்து குழாயடிவரை கூட நடந்துவர இப்போது ஆள் இல்லை. ரெனே அந்தக் கொடிகளில் நன்றாகத்தான் செய்தார். ஆனால் அவர் செய்தது பேக்கரி முனையிலேயே நின்றது.

பதினொரு வருஷம் ஆயிற்று. 2007 நவம்பரில், காலையில் தபால் பிரிக்கும்போது அட்டைப்பெட்டி ஒன்று அவள் கைக்கு வந்தது. 'ஜினெத், தபால்காரி, ரோஷ்கிளேர்' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே காலுறை போட்ட மூன்று சின்ன பாட்டிலும் ஒரு கடிதமும் இருந்தன. மேல்தெருத் தபாலையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுக் குழாயடியில் காரை நிறுத்தி அதைப் பிரித்தாள்.

"ஜினெத்,

போன சனிக்கிழமை நானும் ஜோசியானும் பீப்பாய் நெரப்பிட்டிருந்தோம். இங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் நெரப்பணும், பதினொரு வருஷமா நெரப்பறேன். திடீர்னு புனலைக் கீழ வச்சுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. இருபது லிட்டராம். உனக்கு அப்பவே தெரியும்னும் சொன்னா.

முதல்ல கோவம் வந்துது. அவ மேல பாதி, உன் மேல பாதி. அப்புறம் யோசிச்சேன். அன்னிக்கு நீ சொல்லியிருந்தா உன்னையும் நம்பியிருக்க மாட்டேன், அவளையும் வீட்டை விட்டு அனுப்பியிருப்பேன். நான் எவ்வளவு முரடன்னு உனக்கு மைப்புட்டி காலத்துலேர்ந்து தெரியும்.

அந்தப் பீப்பாயோட பாட்டில் இன்னும் நெறைய இருக்கு. நேத்து ஒண்ணு தெறந்தேன். பாதி வழியில மாமனார் வந்து நின்னாரு. அவர் வீட்லயே உக்காந்துட்டு இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியல. நீ எங்க கல்யாணத்துல மூணே மூணு கிளாஸ் குடிச்சுட்டு ஞாபகம் வச்சிருந்திருக்கே. ரெனேகிட்ட இதைச் சொல்லிரு. குழுவில எல்லார் முன்னாடியும் இந்தக் கடுதாசியைப் படிக்கச் சொல்லு, அவமானம்னு நெனைக்காதே, எனக்கு ஒரு குறையும் இல்ல.

இதோட மூணு பாட்டில் வச்சிருக்கேன். இந்தப் பக்கத்து மூணு பேரு செஞ்ச வெள்ளை. அதுல ஒண்ணு என்னுது. எதுன்னு நீ கண்டுபிடிப்பே, அதை எழுத வேண்டாம். அது உன் தெருவுல எதுவரைக்கும் வருதுன்னு பாரு. குழாயடிக்கு வந்தா ஒரு முழு வால்நட்டைக் கவர்ல போட்டு அனுப்பு. வரலேன்னா ஓடு. தபால்தலை ரெண்டுக்கும் ஒண்ணுதான், உனக்குத் தெரியாததா.

அர்மான்."